மூன்றில் ஒரு நாள் மருந்து

ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் புதிதாக வரும் டாக்டர்களான நீங்கள் என்னைப் பார்த்தால் ஒரே மாதிரிதான் கேட்கிறீர்கள். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள். அதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. என்னைவிடப் புத்தகத்துக்கு ஞாபகசக்தி அதிகம். நான் சொல்ல வருவது வேறு. மருந்துச் சீட்டில் நான் எழுதியதும் நோயாளி விழுங்கியதும் ஒன்றுதான் என்று நம்பி, ஒரு மனிதரைச் சாவின் வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தினேன். அங்கிருந்து அவரைத் திருப்பிக் கூட்டிவந்தது எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண். அவளுக்கு நான் சொல்ல வேண்டிய நன்றியை இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் நான் ஒருத்திதான் டாக்டர். மனநோய்க்கு மருந்து வேண்டுமென்றால் ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து படகேறி, பொன்னேரிக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து ரயிலில் மெட்ராசுக்குப் போக வேண்டிய காலம். ஒரு நாள் பிழைப்பு போய்விடும். அதனால் பாதிப் பேர் இரண்டாம் மாதமே நின்றுவிடுவார்கள். என்னைப் போன்ற சிலரை மெட்ராசுக்கு வரச்சொல்லி, சில வாரங்கள் கூடவே வைத்துக்கொண்டு, அந்த மருந்துகளை ஊரிலேயே கொடுக்கப் பழக்கினார் ஒரு மூத்த மனநல டாக்டர். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "பேசிப் பார்த்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு தடவையும் நோயாளியின் முழங்கையை நீங்களே மடக்கிப் பாருங்கள்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்கு அது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஒரு மாதம் மடக்கினேன், கூட்டம் அதிகமானதும் விட்டுவிட்டேன்.

எல்லப்பன் எனக்கு அனுப்பப்பட்ட முதல் சில நோயாளிகளில் ஒருவர். முப்பத்து நாலு வயது, இறால் பிடிப்பவர். மனச்சிதைவு நோய். படகுக்கு அடியில் யாரோ உட்கார்ந்துகொண்டு தன்னைப் பற்றிப் பேசுவது அவருக்குக் கேட்கும். நோய் முற்றியிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரனின் வலைக் கயிறுகளை அறுத்துவிட்டு, அதில் விஷம் தடவியிருக்கிறது என்று சத்தம் போட்டிருக்கிறார். மெட்ராசில் இரண்டு மாதம் படுக்கையில் வைத்துப் பார்த்து, குளோர்புரோமசின் மாத்திரையில் தெளிந்து வந்தார். தெளிந்தபின் பார்த்தால் சாதுவான, நன்றாகச் சிரிக்கிற மனிதர். அவருடைய மனைவி அஞ்சலைதான் மாதாமாதம் கூட்டிவருவாள்.

இப்போது என் கோபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே உட்கார்ந்திருக்கும் சிலருக்கும் அது இருக்கிறது, முகத்திலேயே தெரிகிறது. வேறொரு நோயாளி, மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டதாகச் சொன்னார். நான் எழுந்து நின்று, வராந்தாவில் இருந்த மொத்த வரிசைக்கும் கேட்கும்படி, "கோழிக்குப் போடவா மாத்திரை கொடுக்கிறேன்? இனிமேல் இந்தப் பக்கம் வராதே" என்று கத்தினேன். அவர் நிஜமாகவே அதற்குப் பிறகு வரவில்லை. ஆனால் கண்டிப்பு நல்ல பலன் தந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஏனென்றால் அன்றிலிருந்து யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "ஒரு வேளை வுடல, டாக்டரம்மா." எனக்கு ரொம்பப் பெருமை.

எல்லப்பனும் அதையேதான் சொன்னார். ஆனால் குரல்கள் திரும்பி வந்தன. ஒரு மாதம் நன்றாக இருப்பார், அடுத்த மாதம் தூக்கமில்லாமல், சந்தேகப் பார்வையோடு வந்து நிற்பார். ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டும் நோய் அடங்கவில்லை என்றால் அளவு போதவில்லை என்று அர்த்தம். அப்படித்தான் படித்திருக்கிறோம். மருந்தைக் கூட்டினேன். இரண்டு மாதம் கழித்து மறுபடி கூட்டினேன். மூன்றாம் முறை, கூடவே ஹாலோபெரிடால் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்தேன். ஒவ்வொரு தடவையும் சீட்டில் கையெழுத்து போடும்போது, கடினமான ஒரு கேஸைத் துணிச்சலாகக் கையாளுகிறோம் என்ற நினைப்பு.

எங்கள் மருந்தாளுநரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். பழவேற்காட்டுக்காரர், அமைதியானவர், எதையும் ஒரு தடவைதான் சொல்வார். அவர் ஒரு நாள் என்னிடம் வந்து, எல்லப்பன் குடும்பம் மருந்து வாங்க வரும் தேதி சரியில்லை என்றார். பத்து நாள் தாமதமாக வந்தாலும் மாத்திரை தீர்ந்துபோயிற்று என்று அவர்கள் சொல்வதே இல்லையாம். படகு கிடைத்திருக்காது, பாய், என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். பாய் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதில் கேட்க வேண்டியது எல்லாம் இருந்தது. கேட்கும் பொறுமைதான் என்னிடம் இல்லை.

அந்த ஏரியில் எப்படி மீன் பிடிக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்வது என் வேலை என்றும் நினைக்கவில்லை. நல்ல இறால் கிடைக்கும் இடங்களில் அவரவர் இஷ்டத்துக்கு வலை கட்ட முடியாது. குடும்பங்களுக்கு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். எல்லப்பனுடைய குப்பத்தில் மூன்று நாளுக்கு ஒரு முறை அவர் பாடு வரும். அன்றைக்கு அவரேதான் போய் நிற்க வேண்டும். ஒரு தடவை தவறினால் பேச்சு வரும், பல தடவை தவறினால் பெயரையே எடுத்துவிடுவார்கள். அவர் மெட்ராசில் படுத்திருந்த இரண்டு மாதத்தில் ஒரு தடவை எடுத்துவிட்டு, கெஞ்சிய பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்களாம். குடும்பம் சாப்பிடுவது அந்தப் பெயரை வைத்துத்தான்.

அந்த வருடம் கத்திரி வெயில் நேரத்தில் பக்கத்துக் குப்பத்தோடு எல்லைத் தகராறு வந்தது. பெரியவர்கள் கூடி, பேசி முடிக்கும்வரை இரண்டு பக்கத்தாரும் ஏரியில் வலை இறக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். மூன்று வாரம் ஏரி சும்மா கிடந்தது. எனக்கு அது ஒரு செய்தியாகக்கூட வந்து சேரவில்லை. சுகாதார நிலையத்தில் கூட்டம் ஏன் அதிகமாக இருக்கிறது என்று அலுத்துக்கொண்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அந்த மூன்றாவது வாரக் கடைசியில் ஒரு காலை, எல்லப்பனைக் கட்டிலோடு படகில் ஏற்றி, கரையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவருடைய அண்ணனும் இன்னும் நாலு பேரும். பின்னால் அஞ்சலை. எல்லப்பனின் கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. பேச்சு இல்லை. வாயோரம் எச்சில் வழிந்தது. உடம்பு முழுக்க வியர்வை. இரண்டு நாளாக இப்படித்தான் என்றார் அண்ணன், தண்ணீர்கூட இறங்கவில்லையாம்.

அண்ணன் கெட்டவர் இல்லை, பயந்திருந்தார். தகராறு தீர்ந்துவிட்டது, மறுநாள் காலை ஊர் கூடிப் பாடுகளைப் புதிதாகப் பிரிக்கப் போகிறார்கள். தம்பி அங்கே போய் நிற்காவிட்டால், பைத்தியம் திரும்பிவிட்டது என்று சொல்லிப் பெயரை எடுத்துவிடுவார்கள். போன வருடம் எல்லப்பன் ரகளை செய்தபோது நான் போட்ட ஒரு ஊசியில், மறுநாளே எழுந்து நடந்திருக்கிறார். அதே ஊசியைப் போட்டு எழுப்பிவிடுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. கூட வந்தவர்களும் அதையே சொன்னார்கள். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் வாசலை அடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பேசாமல், அசையாமல், விறைத்துக் கிடப்பது மனச்சிதைவு நோயிலேயே வரக்கூடிய ஒன்று. நோய் முற்றிவிட்டது, மருந்து போதவில்லை. நாலாவது முறையாக அதே முடிவுக்கு வந்தேன். ஹாலோபெரிடால் குப்பியை உடைத்து மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டேன். கையைப் பிடித்தேன். மடங்கவில்லை. நோயாளி எதிர்த்து இழுத்தால் அது வேறு மாதிரி இருக்கும். இது எந்தப் பக்கம் தள்ளினாலும் குழாயைத் தள்ளுவது போல ஒரே விறைப்பு. தோல் நெருப்பாகச் சுட்டது. வெப்பமானியை வைத்தால் நூற்று நாலு. நாடியை எண்ணவே முடியவில்லை.

பாய் என் காதருகில் மலேரியாவாக இருக்குமோ என்றார். இருக்கலாம். மூளைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். மெட்ராசுக்குப் போன் போட்டுக் கேட்கலாம் என்றால், டிரங்க் கால் கிடைப்பதற்குள் மதியம் ஆகிவிடும். அண்ணன் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முடிவுக்கு வர முடியாதபோது நாமெல்லாம் செய்வதைத்தான் நானும் செய்தேன்: எப்போதும் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தீர்களா?

அண்ணன் முந்திக்கொண்டார். "ஒரு வேளை வுடல, டாக்டரம்மா."

"இப்பத்தான் வுடல," என்றாள் அஞ்சலை. அண்ணன் திரும்பி முறைத்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. "முன்னாடியெல்லாம் பாடு அன்னிக்கும் குடுக்க மாட்டேன், அதுக்கு மொத நாளும் குடுக்க மாட்டேன். மாத்திரை போட்டா எழுந்து நின்னா தல சுத்துதுன்னுவாரு. படகுலேர்ந்து வுழுந்துட்டா நான் இன்னா பண்ணுவேன்? மூணு நாள்ல ஒரு நாள்தான் குடுத்தேன். இந்த மூணு வாரமா ஏரிக்குப் போவல இல்ல, முழுசா கொணமாவட்டும்னு நீ எழுதின மாதிரியே ஒண்ணு வுடாம குடுத்தேன். அதுக்கப்புறம்தான் இப்டி ஆச்சு."

என் கையில் ஊசி அப்படியே இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, "நீ திட்டுவன்னுதான் சொல்லாம வுட்டேன். இப்ப எவ்ளோ வேணா திட்டிக்கோ. அந்த ஊசிய மட்டும் போடாத" என்றாள்.

டாக்டர்களே, என் வாழ்க்கையில் நான் போட்ட எந்தக் கணக்கும் அந்த ஒரு நிமிடத்தில் போட்ட கணக்கைப் போல என்னைச் சுட்டதில்லை. அவர் விழுங்கியது நான் எழுதியதில் மூன்றில் ஒரு பங்கு. அது போதாமல் நோய் தலைகாட்டியது. அதைப் பார்த்து நான் மூன்று தடவை அளவைக் கூட்டினேன். பிறகு, ஏரி மூடியதால், ஏற்றி வைத்த மொத்த அளவும் திடீரென்று தினமும் அவர் உடம்புக்குள் போக ஆரம்பித்தது, கத்திரி வெயிலில், மூன்று வாரம் விடாமல். அவள் செய்தது தவறே இல்லை. நான் சொன்னதை முதன்முறையாக அப்படியே செய்தாள்.

ஊசியைத் தட்டில் வைத்தேன். அந்த நிலைக்குப் பெயர் எனக்கு அப்போது தெரியாது. சில வருடங்கள் கழித்துத்தான் நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம் என்று ஒரு மருத்துவ இதழில் படித்தேன். பெயர் தெரியாமலே முடிவெடுக்கலாம் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். மருந்துக்குப் பின் விறைப்பு, காய்ச்சல், வியர்வை, நினைவு தடுமாற்றம், தாறுமாறான நாடி. மருந்துதான் காரணமா என்று உறுதியாகத் தெரியாவிட்டாலும், மருந்தை நிறுத்துவதால் அவர் அன்று சாக மாட்டார். மேலும் கொடுத்தால் செத்துவிடலாம். எல்லாவற்றையும் நிறுத்து, உடம்பைக் குளிரவை, நீர் ஏற்று, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. இவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

அண்ணனுக்கு ஆத்திரம். நாளைக்கு ஊர் கூடுதே, இவன் நிற்கணுமே என்றார். நாளைக்கு நிற்க வைத்தால் நாளன்றைக்கு நீங்கள் பாடை தூக்க வேண்டியிருக்கும் என்று சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தார். அதுவரை அவரை ஒரு தொல்லையாக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததற்காக எனக்கு வெட்கமாக இருந்தது.

சலைன் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே பாய் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அவருடைய மச்சான் மெட்ராசுக்கு இறால் அனுப்புகிறவர். மூன்று வாரமாக இறால் இல்லாததால் வேன் வீட்டு வாசலிலேயே நின்றது. பாய் வேனோடும் ஒரு மூட்டை ஐஸோடும் வந்துசேர்ந்தார். ஐஸை உடைத்துத் துணியில் சுற்றி, எல்லப்பனின் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்தோம். மீன் வாடை அடித்த அந்த வேனில்தான் நானும் அஞ்சலையும் அவருடன் மெட்ராசுக்குப் போனோம்.

கிளம்புமுன் கடிதம் எழுத வேண்டியிருந்தது. "காய்ச்சல், நினைவு தடுமாற்றம், மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது" என்று எழுதினால் போதும், யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள். பேனா அந்த மாதிரிதான் ஆரம்பித்தது. பிறகு அதைக் கிழித்துவிட்டு, எந்த மருந்து, எந்த மாதம் எவ்வளவு கூட்டினேன், உண்மையில் எவ்வளவு விழுங்கினார், எப்போதிலிருந்து முழுதாக விழுங்கினார் என்று எல்லாவற்றையும் எழுதினேன். அங்கே இருக்கிற டாக்டருக்கு அது தெரியாவிட்டால், நான் கீழே வைத்த ஊசியை அவர் போட்டுவிடுவார்.

அன்றைக்கு என் மூத்த டாக்டர்தான் பணியில் இருந்தார், நான் செய்த புண்ணியம். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். எல்லப்பனின் முழங்கையை மடக்கிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "இந்த நிலையில் ஊசி போட்டுவிட்டுத்தான் அனுப்புவார்கள். போடாமல் கொண்டுவந்திருக்கிறீர்கள். பிழைக்க வாய்ப்பு இருக்கிறது" என்றார். நான் நிறுத்தவில்லை, சார், இவள்தான் நிறுத்தினாள் என்று அஞ்சலையைக் காட்டினேன். அவர் அவளை உட்காரச் சொல்லி, அவளிடமிருந்தே மறுபடி எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

சிறுநீர் கறுத்து, சிறுநீரகம் என்ன ஆகுமோ என்று ஒரு வாரம் கழிந்தது. பத்தாம் நாள் எல்லப்பன் கஞ்சி கேட்டார். அந்தச் செய்தி கிடைத்தபோது நான் ஒரு குழந்தைக்குக் காது பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

இன்னொரு கடிதமும் எழுதியிருந்தேன். அது ஊர்ப் பெரியவர்களுக்கு. எல்லப்பனுக்கு நோய் திரும்பவில்லை, நான் கொடுத்த மருந்தின் அளவு தவறியதால்தான் படுத்திருக்கிறார், அவர் வரும்வரை அவருடைய பாடு பறிபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அண்ணன் அதை எடுத்துப்போய் மறுநாள் கூட்டத்தில் படிக்கச் சொல்லியிருக்கிறார். ஒரு டாக்டர் தன் தவறு என்று எழுதித் தந்து அவர்கள் பார்த்ததில்லை. நம்பலாமா என்று கொஞ்ச நேரம் பேசினார்களாம். கடைசியில், எல்லப்பன் திரும்பும்வரை அவர் பாடு வரும் நாளில் அண்ணன் நிற்கலாம் என்று வழக்கத்தைத் தளர்த்தினார்கள். அந்தக் குப்பத்துக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் எல்லப்பனை ஒரு மாதத்துக்கு மேல் மருந்தே இல்லாமல் வைத்திருந்தார்கள். குரல்கள் மெதுவாகத் திரும்பின. மருந்து கொடுக்கப் பயம், கொடுக்காமலிருக்கவும் பயம். மூத்த டாக்டரே வேறொரு மருந்தை மிகக் குறைந்த அளவில், படுக்கும் நேரத்தில் ஒரே ஒரு வேளையாகத் தொடங்கினார். கூட்டுவதாக இருந்தால் வாரக்கணக்கில் பார்த்துத்தான். சுகாதார நிலையத்துக்கு எல்லப்பன் திரும்பி வந்தபோது, படுத்த நிலையில் ரத்த அழுத்தம் பார்த்தேன், நிற்கவைத்துப் பார்த்தேன். மருந்தால் நடுக்கமோ விறைப்போ வந்திருக்கிறதா என்று நாக்கை நீட்டச் சொன்னேன். முழங்கையை மடக்கினேன். எந்த நாளில் பாடு, எத்தனை மணிக்குப் படகில் ஏறுவார், எவ்வளவு நேரம் வெயிலில் நிற்பார், குடிக்கத் தண்ணீர் எடுத்துப்போவாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லப்பன் சிரித்தார். "இன்னா டாக்டரம்மா, நீயும் ஏரிக்கு வரப்போறியா?" என்றார்.

அதற்கடுத்த மாதம் அவர்கள் வந்த காலையில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. மாத்திரை சாப்பிட்டாரா என்று அஞ்சலையிடம் கேட்கவில்லை. இந்த மாதம் எத்தனை நாள் கொடுக்க முடியவில்லை என்று கேட்டேன். அவள் விரலை மடக்கி யோசித்தாள்.

"அஞ்சு நாளு குடுக்கல. வீட்ல விசேஷம், மறந்துட்டேன்."

வராந்தாவில் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பழக்கமான கோபம் தொண்டைவரை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அதை விழுங்கிவிட்டு, "சொன்னதுக்கு ரொம்ப நன்றி, அஞ்சலை" என்றேன். அஞ்சு நாள் என்று சீட்டில் எழுதினேன். அளவைக் கூட்டவில்லை.

அடுத்து நின்றவர் காசநோய்க்கு ஒரு வருடமாக என்னிடம் மருந்து வாங்கும் ஒரு பெரியவர். மாதாமாதம் ஒரு வேளை விடாதவர். ஸ்டூலில் உட்கார்ந்தார், அஞ்சலை போன திசையை ஒரு தடவை பார்த்தார், மடியிலிருந்து ஒரு துணிப் பையை எடுத்து என் மேசைமேல் வைத்து அவிழ்த்தார். உள்ளே மாத்திரைகள், நான் கொடுத்ததில் பாதிக்கு மேல் இருக்கும்.

அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்த ஒரு பெண், சீட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, "எனக்கும் கொஞ்சம் சொல்லணும், டாக்டரம்மா" என்றாள்.